கச்சான் ஏன் மேற்கிலிருந்து வருகிறது?

ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் வள்ளியூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் காத்தாடிகள் தொடங்கிவிடும். முப்பந்தல் வரும்போது எண்ணி மாளாது. அத்தனை காற்றாலைகளும் முகம் திருப்பி நிற்பது ஒரே பக்கம், மேற்கு. அன்றைய வானிலைப் படத்தை எடுத்துப் பாருங்கள். துணைக்கண்டத்திலேயே காற்றழுத்தம் மிகக் குறைந்த இடம் ராஜஸ்தானிலும் அதை ஒட்டிய பாகிஸ்தான் பகுதியிலும் இருக்கும். முப்பந்தலிலிருந்து பார்த்தால் அது வடக்கே, சற்று மேற்கே சாய்ந்து, 2000 கிலோமீட்டருக்கு அப்பால்.

'அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று வீசும்' என்று ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்திருப்போம். அந்த ஒரு வரியை மட்டும் நம்பினால் முப்பந்தலில் தெற்கிலிருந்து காற்றடிக்க வேண்டும். அடிப்பதோ மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. கடலோடிகள் கச்சான் என்பார்கள். பள்ளிக்கூட வரி தப்பில்லை, பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். சூடு ஏறுவதில் உள்ள ஏற்றத்தாழ்வு காற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிய காற்று எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பதைப் பூமியின் சுழற்சி தீர்மானிக்கும். எந்தக் காற்றுக்கு முதல் பாதியே போதும், எதற்கு இரண்டும் வேண்டும் என்று பிரிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அந்தக் காற்று எத்தனை மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது?

முதலில் ஒரு சின்ன விஷயம். காற்றின் பெயர் அது வரும் திசையைக் குறிக்கும், போகும் திசையை அல்ல. வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து. வானிலை அறிக்கையில் 225 பாகை என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். கைபேசிச் செயலிகளில் சில, அம்பைக் காற்று போகும் பக்கம் வரையும். சில, வரும் பக்கத்தைக் காட்டும். ஏற்கெனவே திசை தெரிந்த ஒரு நாளில் செயலியைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கீழே சொல்வதெல்லாம் தலைகீழாகத் தெரியும்.

இனி சூட்டுக்கு வருவோம். 'வெயிலில் காற்று சூடாகி மேலே போகும், அந்த இடம் காலியாகும், பக்கத்துக் காற்று ஓடிவந்து நிரப்பும்.' எங்கும் இப்படித்தான் எழுதியிருக்கும். சொல்ல வசதியான கதை, ஆனால் வரிசை சரியில்லை. காலியிடம் என்று ஒன்று உண்டாவதே இல்லை. நடப்பது இது: தரை சூடாகி, அதன் மேல் நிற்கும் காற்றுத் தூண் விரிந்து உயரமாகிறது. அப்போது தரையில் அழுத்தம் இன்னும் மாறவில்லை, ஏனென்றால் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் மொத்த எடை அதேதான். ஆனால் 1 கிலோமீட்டர் உயரத்தில், பக்கத்துக் குளிர்ந்த தூணில் அதே உயரத்தில் இருப்பதைவிட அழுத்தம் கூடிவிடுகிறது. எனவே முதலில் நகர்வது மேலே இருக்கும் காற்றுதான். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு அது வழிந்து போகிறது. அப்படி எடை குறைந்த பிறகுதான் தரையில் அழுத்தம் இறங்கும், பிறகுதான் கீழே காற்று உள்ளே வரும்.

எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடலாம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோகிராம். 1000 மீட்டர் உயரமுள்ள தூண் பக்கத்துத் தூணைவிட 5 டிகிரி கூடுதல் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.15-ஐ 9.8-ஆலும் 1000-ஆலும் பெருக்கினால் அந்தத் தூணின் எடை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11,270 நியூட்டன், அதாவது 11,270 பாஸ்கல். இதை 5/303-ஆல் பெருக்குங்கள் (303 என்பது 30 டிகிரி செல்சியஸின் கெல்வின் அளவு). விடை 186 பாஸ்கல், அதாவது 2 மில்லிபாருக்குக் கொஞ்சம் குறைவு. கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 மில்லிபார். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத இந்த வித்தியாசம் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்தால், உராய்வு இல்லாத காற்று ஒரு மணி நேரத்தில் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தை எட்டிவிடும். நிஜத்தில் தரையும் மரமும் கட்டடமும் இழுத்துப் பிடிப்பதால் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கிறது.

தரைக்கும் கடலுக்கும் அந்த 5 டிகிரி எங்கிருந்து வருகிறது? 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். உலர்ந்த மணலுக்கு 0.8 போதும். இது மட்டும் என்றால் ஐந்து மடங்கு வித்தியாசத்தோடு போயிருக்கும். பெரிய காரணம் வேறு. கடலில் வெயில் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலை அதைக் கலக்கியும் விடுகிறது. மணலில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. மெரினாவில் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது; அதே மணலை ஒரு சாண் தோண்டினால் குளிர்ச்சி. பகல் முழுக்க அடிக்கும் வெயிலைத் தரை மேலாகவே வாங்கி உடனே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கடல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது.

இதன் நேரடி விளைவு சென்னையின் கடற்காற்று. சூட்டால் மட்டும் பிறக்கும் காற்றுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் கடலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர். மீனம்பாக்கம் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு நிலையங்களின் அதிகபட்ச வெப்பநிலையையும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். கடற்காற்று முற்பகலிலேயே உள்ளே வந்த நாளில் மீனம்பாக்கம் கூடுதலாக இருக்கும்; நுங்கம்பாக்கம் முன்பே தப்பித்துவிடும். இரண்டும் ஒட்டி 40-ஐத் தாண்டியிருந்தால் அன்று கடற்காற்று நேரங்கழித்து வந்தது என்று அர்த்தம்.

அது ஏன் நேரங்கழித்து வருகிறது? 'வெயில் போதவில்லை' என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறு. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும் மேல்காற்று உலர்ந்து, சூடாகி, சென்னை வரைக்கும் வந்து நிற்கும். அது கடற்காற்றை முகத்தில் கைவைத்துத் தள்ளுவதுபோலக் கரையிலேயே நிறுத்திவிடும். தரைக்கும் கடலுக்கும் வெப்ப வித்தியாசம் இன்னும் பெருகி, அழுத்தச் சரிவு மேல்காற்றை வெல்லும் அளவுக்கு வந்த பிறகுதான் கடற்காற்றுக்கு வழி கிடைக்கும். அதற்குள் மணி இரண்டு, மூன்று ஆகியிருக்கும். 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி பதிவானது இந்தப் பருவத்தில்தான். கத்திரி வெயில் முடிந்தும் வெக்கை ஏன் தணியவில்லை என்று ஆண்டுதோறும் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: சூரியனை விட்டுவிட்டு மேல்காற்றின் பலத்தைப் பாருங்கள்.

கடற்காற்று உள்ளே வரும் நொடியை மொட்டைமாடியிலிருந்தே பிடிக்கலாம். கொடியில் காயும் துணி மேற்கிலிருந்து வீசும் காற்றில் கிழக்குப் பக்கம் பறந்துகொண்டிருக்கும். திடீரெனத் தொங்கிவிடும். சில நிமிடம் அசைவே இருக்காது, புழுக்கம் தாங்காது. பிறகு துணி எதிர்ப்பக்கம் எழும். அரை மணி நேரத்துக்குள் வெப்பநிலை சில டிகிரி இறங்கி, ஈரப்பதம் எகிறும். அந்த அசைவற்ற சில நிமிடங்கள்தான் இரண்டு காற்றும் முட்டிக்கொள்ளும் கோடு உங்கள் தலைக்கு மேல் கடக்கும் நேரம். கோடு அப்படியே மேற்கே நகரும். திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் மாலையில் இடிமேகம் திரள்வதற்கு இந்த முட்டலே பெரும்பாலும் காரணம். போக இடமில்லாத காற்று மேலே ஏறுகிறது. அப்படித் திரண்ட மேகத்தை உயரத்து மேல்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வந்தால், சென்னைக்கு இரவில் மழை.

இந்தக் கடற்காற்றின் உயரம் பெரும்பாலும் 500 முதல் 1000 மீட்டர்தான். அதற்கு மேலே காற்று எதிர்ப்பக்கம், கடலை நோக்கித் திரும்பும். இரவில் தரை முந்திக் குளிர்வதால் எல்லாம் தலைகீழாகும். ஆனால் நிலக்காற்று பலம் குறைந்தது, உயரமும் சில நூறு மீட்டர்தான். பாய்மரக் காலத்தில் விடியலுக்கு முன் நிலக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் கரைக்குத் திரும்புவார்கள். எஞ்சின் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஆனால் முதல் தடவை பெரும்பாலும் சொதப்பும். தேவையானவை: சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பழைய மீன்தொட்டி அல்லது ஒரு பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, இரண்டு எவர்சில்வர் தட்டு, நன்றாக உலர்ந்த மணல், ஐஸ் கட்டி, ஒரே ஒரு ஊதுபத்தி. மணலை வாணலியில் தொட முடியாத சூட்டுக்கு வறுத்து, 3 செ.மீ. கனத்துக்கு ஒரு தட்டில் கொட்டுங்கள். கண்ணாடித் தொட்டி என்றால் தட்டுக்கு அடியில் பலகையோ ஓடோ வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். இன்னொரு தட்டில் ஐஸ். இரண்டுக்கும் நடுவில் 5 செ.மீ. இடைவெளி விட்டு, களிமண் உருண்டையில் குட்டையாக ஒடித்த ஊதுபத்தியைச் செருகுங்கள். மேலே மூடி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். கீழே புகை மணல் பக்கம் சாயும், மேலே ஏறி ஐஸ் பக்கம் திரும்பும்.

சொதப்பும் இடங்கள் மூன்று. மணலில் ஈரம் இருந்தால் சூடெல்லாம் ஆவியாவதற்கே செலவாகிவிடும். மூடாமல் விட்டால் அறைக்காற்று கலைத்துவிடும். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: ஊதுபத்தி நெட்டையாக இருந்தால் அதன் நுனி திரும்பும் காற்றுக்குள் நிற்கும், புகை ஐஸ் பக்கம் போகும், சோதனை தப்பாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். தப்பாகவில்லை, அவர்கள் பார்த்தது மேல்மாடிக் காற்றை. நுனி தட்டின் விளிம்புக்கு மேல் 2 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

இதுவரை பூமி சுற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை, ஏனென்றால் பிற்பகல் ஒரு மணிக் கடற்காற்றுக்கு அது தேவையில்லை. இரவு ஏழு மணிக் கடற்காற்றுக்குத் தேவை. மதியம் கிழக்கிலிருந்து நேராக வந்த காற்று மாலை ஆக ஆகத் தென்கிழக்குக்கும் பிறகு தெற்குக்கும் திரும்புவதை மெரினாவில் நிற்கும் பலூன்காரரின் பலூன்களே காட்டும்.

நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. சென்னையில் அது 1630-க்கு அருகில். வடக்கே போகப்போக இன்னும் குறையும்; அட்சரேகை 60 பாகையில் பாதி. தெற்கிலிருந்து வடக்கே போகும் காற்று தன் பழைய கிழக்கு வேகத்தோடு போவதால் தரையை முந்தி வலப்பக்கம் விலகுகிறது. இதை 1735-ல் ஜார்ஜ் ஹாட்லி எழுதினார். வியாபாரக் காற்று (வெப்பமண்டலக் கடல்களில் நிலையாக வீசும் காற்று) ஏன் கிழக்கிலிருந்து வருகிறது என்பதற்கு அதுவே அவர் சொன்ன காரணம். அருமையான யோசனை, ஆனால் கணக்கில் பாதி விட்டுப்போனது. வேகம் மாறாமல் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மாறாமல் இருப்பது வேகமல்ல, கோண உந்தம். கையை விரித்துச் சுழலும் ஆட்டக்காரி கையை உடலோடு சேர்த்ததும் வேகம் கூடுவதுபோல, பூமியின் அச்சை நெருங்கும் காற்றுக்கும் வேகம் கூடும். நிலநடுக்கோட்டில் நின்றிருந்த காற்று 30 பாகை வடக்கே போனால் ஹாட்லி கணக்கில் வினாடிக்கு 62 மீட்டர் முந்தும். சரியான கணக்கில் 134 மீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். பக்கவாட்டு விசையைக் கணிதமாக எழுதியவர் காஸ்பார்ட்-குஸ்தாவ் கொரியாலிஸ், 1835-ல். அவர் மனதில் இருந்தது காற்றல்ல, நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் எந்திரங்கள்.

134 மீட்டர் வேகத்தில் காற்று நிம்மதியாக மேலும் வடக்கே போக முடியாது. சூடான காற்று நிலநடுக்கோட்டில் ஏறித் துருவம் வரை போய் இறங்கித் திரும்பலாமே என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அதே கணக்கை 60 பாகைக்குப் போட்டால் வினாடிக்கு 697 மீட்டர் வரும், நடக்காத காரியம். அதற்கு வெகு முன்பே ஓட்டம் குலைந்து சுழல்களாக உடைந்துவிடுகிறது. 30 பாகை வாக்கில் காற்று கீழே இறங்கி, ஒரு பங்கு நிலநடுக்கோட்டுக்கே திரும்பி ஓடி, வலப்பக்கம் விலகி, வடகிழக்கு வியாபாரக் காற்றாகிறது. இறங்கும் காற்றில் மேகம் நிற்காது; சகாராவும் அரேபியப் பாலைவனமும் அந்த வரிசையில் இருப்பது தற்செயல் இல்லை.

விலகல் எவ்வளவு என்பதற்குக் கையில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம்: 12 மணி நேரத்தை அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுங்கள். வேறு எந்த விசையும் இல்லாமல் விட்டால் ஓடும் காற்று ஒரு முழு வட்டம் போட்டுத் திரும்ப அவ்வளவு நேரம் ஆகும். (24 இல்லாமல் 12 வருவதற்கும் ஹாட்லி தவறவிட்ட அந்த இரண்டு மடங்குதான் காரணம்.) சென்னைக்கு 53 மணி, நாகர்கோவிலுக்கு 84 மணி, 30 பாகைக்கு 24 மணி, 45 பாகைக்கு 17 மணி. சென்னையில் 6 மணி நேரம் ஓடிய காற்று 40 பாகை திரும்பும்: கிழக்கு என்று தொடங்கியது தென்கிழக்காகும். கரையோர அழுத்தச் சரிவு விடாமல் இழுப்பதாலும், அந்தப் பருவத்தில் தெற்கிலிருந்து வேறு ஒரு காற்று கலப்பதாலும் பாகை துல்லியமாக வராது. திரும்பும் பக்கம் தவறாது.

இதிலிருந்தே கைகழுவும் தொட்டிக் கதையின் லட்சணமும் தெரிந்துவிடும். தொட்டி காலியாக ஒரு நிமிடம். பூமி ஒரு வட்டம் போடவைக்க 53 மணி நேரம். தண்ணீர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது குழாயின் சாய்வையும் நீங்கள் கையை எடுத்த விதத்தையும் பொறுத்தது. நிலநடுக்கோட்டு நாடுகளில் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வாளி வைத்துக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளிடம் காசு வாங்குவது சுத்தமான கைவித்தை.

விலகலைக் கண்ணால் பார்க்க 30 செ.மீ. வட்ட அட்டை போதும். நடுவில் குண்டூசியால் பலகையில் குத்தி, ஒருவர் அதைக் கடிகார எதிர்த்திசையில் 10 வினாடிக்கு ஒரு சுற்று என்று சீராகச் சுழற்றட்டும். இன்னொருவர் அட்டையைத் தொடாமல் ஸ்கேலை அசையாது பிடித்து, அதை ஒட்டி மையத்திலிருந்து விளிம்புக்கு 2 வினாடியில் கோடு இழுக்கட்டும். கோடு வலப்பக்கம் வளைந்து, விளிம்பை எட்டும்போது 72 பாகை தள்ளி நிற்கும். விளிம்பிலிருந்து மையத்துக்கு இழுத்தாலும் வளைவு வலப்பக்கம்தான். கடிகாரத் திசையில் சுழற்றினால் இடப்பக்கம், அது தென்கோளம். கோடு நேராக வந்தால் ஸ்கேல் பிடித்தவர் கை அட்டையோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்கெட்ச் பேனா பயன்படுத்துங்கள்; பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் அட்டை நின்றுவிடும்.

இப்போது முப்பந்தலுக்குத் திரும்பலாம். ஜூன் மாதக் காற்று மகாராஷ்டிரத்திலோ அரபிக்கடலிலோ தொடங்கவில்லை. தென்கோளத்தில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, 30 பாகை வாக்கில் மஸ்கரீன் உயரழுத்தம் இருக்கிறது. அங்கே அழுத்தம் 1020 மில்லிபாருக்கு மேல். ராஜஸ்தான் பக்கம் 1000-க்குக் கீழே. அங்கிருந்து வடக்கே கிளம்பும் காற்று தென்கோளத்தில் இடப்பக்கம் விலகித் தென்கிழக்குக் காற்றாக நிலநடுக்கோட்டை நெருங்குகிறது. கோட்டில் விலகல் பூஜ்யம். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் சுவர்போல் நின்று மேற்கே போகவிடாமல் தடுக்கிறது. கோட்டைத் தாண்டியதும் விலகல் வலப்பக்கத்துக்கு மாறுகிறது. சோமாலியாக் கரையை ஒட்டி, தரையிலிருந்து 1 முதல் 1.5 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 25 மீட்டர் வரை வேகம் எடுத்துக் கிழக்கே திரும்பி அரபிக்கடலைக் கடக்கிறது. இந்தத் தாழ்மட்டப் பேரோட்டத்தை 1969-ல் விவரித்தவர் ஜான் ஃபின்ட்லேட்டர்; அதனால் அவர் பெயராலும் அழைக்கிறார்கள். நாள்கணக்கில் ஓடிய காற்று இது. பூமிக்கு அதைத் திருப்ப வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்துவிட்டது.

மேலே திரும்பிப் போகும் காற்றும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கோடையில் திபெத் மேட்டுநிலத்தின் மேல் சூடாகித் தெற்கே வழியும் உயரக் காற்று வலப்பக்கம் விலகினால் மேற்கு நோக்கிப் போக வேண்டும். 14 கிலோமீட்டருக்கு மேலே, தென்னிந்தியாவின் தலைக்கு நேர் மேல், அப்படியே ஒரு கிழக்குக் காற்றுப் பேரோட்டம் உண்டு. 1958-ல் அதை வெளிக்கொணர்ந்தவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். கீழே மேல்காற்று, மேலே கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று.

இதில் சூரியன் மட்டும் அடுப்பு மூட்டவில்லை. 1 கிலோ நீராவி மேகமாகக் குளிரும்போது 2500 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது. ஏறத்தாழ 2500 கிலோ காற்றை 1 டிகிரி சூடாக்க அது போதும். மழை பெய்யப் பெய்ய உயரக் காற்று சூடாகிறது, அழுத்தம் இறங்குகிறது, காற்று பலக்கிறது, இன்னும் ஈரம் வருகிறது. மே மாதத் தரை ஜூலையைவிடச் சூடு. ஆனால் காற்று பலமாக வீசுவது ஜூலையில். 'தரை சூடு, அதனால் பருவக்காற்று' என்று நிறுத்திவிடுகிற பாடப்புத்தகங்கள் இந்த முரண்பாட்டைத் தொடுவதே இல்லை.

மலையில் உள்ள கணவாய்கள் மிச்ச வேலையைச் செய்கின்றன. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். தெற்கே கம்பம், செங்கோட்டை, கடைசியாக ஆரல்வாய்மொழி. குழாய் நுனியை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுவதைப்போல என்பார்கள். பாதி சரி. குழாய்த் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது, காற்றுக்கு மலைமேல் ஏறிப்போகும் வழி இருக்கிறது. தரையை ஒட்டி வரும் காற்று குளிர்ந்தும் கனத்தும் இருந்து ஏற மறுக்கும்போதுதான் கணவாய் வேகம் கூட்டும். அந்த வேகம் ஏன் முக்கியம் என்றால், காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 72 வாட். 10 மீட்டரில் 575 வாட். இரட்டிப்பு வேகம், எட்டு மடங்கு திறன். எவ்வளவு நல்ல காத்தாடியானாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது.

திசை மாறாமல் இருப்பதும் லாபம்தான். காற்று வரும் பக்கத்தில் இரண்டு காத்தாடிகளுக்கு நடுவே இறக்கை விட்டத்தைப்போல் 7 மடங்கு, குறுக்கே 5 மடங்கு இடம் விடுவது இந்தியாவில் வழக்கம். முன்னால் நிற்பது குலைத்துவிட்ட காற்று தெளிய அவ்வளவு தூரம் வேண்டும். மேல்காற்று மேற்கை விட்டு அசையாததால்தான் வரிசைகளைத் தெற்கு வடக்காக நெருக்கி வைக்க முடிகிறது.

புயலில் இதே வலப்பக்க விலகலைத் தெரிந்துவைப்பது உயிர்காக்கும் விஷயம். நடுவிலிருக்கும் தாழ்வை நோக்கி நாலாபக்கமும் ஓடும் காற்று ஒவ்வொன்றும் வலப்பக்கம் விலகுவதால் மொத்தமும் கடிகார எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும் புயலில், கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று முதலில் வடகிழக்கு, பிறகு கிழக்கு, பிறகு தென்கிழக்கு. கடலை ஊருக்குள் தள்ளுவது இந்தப் பக்கம்தான். தெற்கே இருப்பவர்களுக்கு வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. காற்று தரையிலிருந்து வருவதால் கடல் உள்வாங்கும். திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மையம் உங்களை நோக்கி வருகிறது. பிறகு சட்டென்று அடங்கினால் முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். எதிர்ப்பக்கக் காற்று பாக்கி இருக்கிறது.

நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது, திருப்ப விசை போதாது. 2001 டிசம்பர் 27-ல் சிங்கப்பூர் அருகே ஏறத்தாழ 1.5 பாகையில் உருவான வாமெய் விதிவிலக்கு. அதற்குச் சுழற்சியைக் கொடுத்ததில் பெரும்பங்கு பூமிக்கு இல்லை. தென்சீனக் கடலில் பலமாக இறங்கிய வாடைக்காற்றும் போர்னியோ அருகே ஏற்கெனவே இருந்த சுழலும் சேர்ந்து செய்த வேலை அது.

கடைசியாக, காற்றைப் பார்த்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை. 1857-ல் டச்சுக்காரர் பைஸ் பாலட் சொன்னது. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள், வடகோளத்தில் தாழ்வு அந்தப் பக்கம். தரை உராய்வு காற்றின் வேகத்தைக் குறைத்து, தாழ்வின் பக்கம் கொஞ்சம் சாய விடுவதால் கையை 20, 30 பாகை முன்னால் கொண்டுவாருங்கள். கட்டடங்கள் நெருங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம். கடற்காற்று வீசும்போது இந்த வித்தை பலிக்காது, அது சின்ன வயசுக் காற்று. தெருவிலும் பலிக்காது. வயல்வெளி, ஏரிக்கரை, கடற்கரை போன்ற இடத்தில், காலை எட்டு ஒன்பது மணிக்குச் செய்யுங்கள்.

ஜூலையில் முப்பந்தலில் மேல்காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கிழக்கே இருக்கும்; இடது கை வடக்கே, ராஜஸ்தான் தாழ்வு கிடக்கும் அந்த வடக்கே. அக்டோபரில் காற்று சில வாரம் தடுமாறும். கச்சானும் தெற்கிலிருந்து வரும் சோழகமும் ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு முன் கொண்டல் வீசும் காலம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் தனியாகவே சொல்வார்கள். காத்தாடிகளில் பல அப்போது நின்றுவிடும், வினாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே அவை அசைவதில்லை. பிறகு ஒரு நாள் அவை முகத்தை வடகிழக்குப் பக்கம் திருப்பி நிற்கும். அன்றைக்கு முதுகைக் காட்டி நின்று கையை நீட்டிப் பாருங்கள். இடது கை தென்கிழக்கே, இலங்கைக்கும் அதற்கப்பால் உள்ள கடலுக்கும் நீளும்.